முன்வரிசை நாற்காலி

"நீ உள்ள வந்தா நான் பேச மாட்டேன். முன்வரிசைன்னு இல்ல, கடைசி வரிசையில உட்கார்ந்தாலும் பேச மாட்டேன். வெளியிலயே இரும்மா, ப்ளீஸ். டிபன் டப்பாவைப் பார்த்துக்கோ."

இப்படியே சொன்னாள். ஓர் எழுத்து நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. யார் என்கிறீர்களா? நான் பெற்ற பெண். இப்போது உள்ளே மைக்கில் ஒரு குரல் கேட்கிறதே, அவள்தான். நிரஞ்சனா. காலை ஆறரை மணிக்கு நான் அவளுக்குப் புடவை மடிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஊக்கு என் வாயில் இருக்கிறது, அப்போது பார்த்துச் சொன்னாள். வாயில் ஊக்கு இருந்தால் பதில் சொல்ல முடியாது இல்லையா? நேரம் பார்த்து அடித்தாள். அந்தச் சாமர்த்தியம் மட்டும் என் பக்கத்து ரத்தம்.

உட்காருங்கள், உட்காருங்கள். இந்த பெஞ்சு நம் இரண்டு பேரையும் தாங்கும். உங்கள் பையனுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கா வைவா? இதே ஹாலிலா? அதற்குக் கோவில்பட்டியிலிருந்து இவ்வளவு வெள்ளென வந்துவிட்டீர்கள்! தூக்கில் என்ன, சேவா? பாருங்கள், டாக்டர் பட்டம் வாங்குகிறவர்கள் பிள்ளைகள், அதற்கு மாவு பிசைகிறவர்கள் நாம். எங்கள் வீட்டில் ரவா லட்டும் மிக்சரும். எக்ஸாமினருக்குத் தனியாக முந்திரிக் கொத்து. நேற்று முழுக்க அடுப்படியில் நின்று கால் வீங்கிப் போயிருக்கிறது. அந்தக் காலை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார் என்கிறாள்.

நோட்டீஸ் பார்த்தீர்களா, கதவில் ஒட்டியிருக்கிறார்களே? 'அனைவரும் வருக.' அனைவரும். பெற்றவளைத் தவிர.

முதல் வரிசையில் நடு நாற்காலி ஒன்று இருக்கிறது. மேடைக்கு நேர் எதிரே. அதில் யாரை உட்கார்த்தி வைத்திருக்கிறாள் தெரியுமா? ஆவுடையம்மாளை. என் நாத்தனார். எங்கள் வீட்டுக்காரருக்கு மூத்தவள், ரிட்டயர்டு தமிழ் டீச்சர். நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மனசுக்குள் வேறு பெயர், அதை யுனிவர்சிட்டி வராந்தாவில் சொல்ல முடியாது. "அத்தை முன்னாடி உட்காரட்டும்" என்றாளாம் என் பெண். பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு மதினி என்னைத் தாண்டிப் போனாள் பாருங்கள். போகிற போக்கில் "நீ வரலையா சுகந்தி?" என்று ஒரு கேள்வி. தெரியாதாம்!

எதைப் பற்றிப் பேசுகிறாள் என்று கேளுங்கள். கேளுங்களேன். மேடையில் பேச ஏன் பயம் வருகிறது, அதற்கு மனசுக்குள் என்னென்ன காரணம். ஐந்து வருஷம் இதை ஆராய்ந்திருக்கிறாள். அரசாங்கம் அதற்கு மாசாமாசம் உதவித்தொகையும் கொடுத்திருக்கிறது. என்னிடம் வந்து கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பேன். காரணம் மனசுக்குள் இல்லை. பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது.

சிரிக்காதீர்கள். கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகி நாற்பத்தோராம் நாள் என் மாமனாருக்கு மணிவிழா. பாளையங்கோட்டையில் பெரிய மண்டபம். சாப்பாட்டுக்கு முந்தி ஆளாளுக்கு மைக்கைப் பிடித்து வாழ்த்திக்கொண்டிருக்கிறார்கள். மதினியின் வீட்டுக்காரர், அண்ணாச்சி, பாவம் நல்ல மனுஷன், "கான்வென்ட்ல படிச்ச மருமக ரெண்டு வார்த்தை பேசட்டும்" என்றார். நான் யோசித்தேனா? இல்லை. நான் சிஸ்டர் பெனடிக்டாவிடம் மேடைப்பேச்சு, எலக்யூஷன், படித்தவள். "சின் அப், சுகந்தி, முகத்தை நிமிர்த்து. கடைசிச் சுவர்ல இருக்கற கடிகாரத்துக்கிட்ட பேசு" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பெண். மூன்று வருஷம் கப் வாங்கியிருக்கிறேன். இங்கிலீஷில். எப்படியும் கூப்பிடுவார்கள் என்று காகிதத்தில் எழுதியே வைத்திருந்தேன், எடுத்துக்கொண்டு போனேன். "பெரியோர்களே" என்றேன்.

காகிதம் ஆடியது. தலைக்கு மேலே ஃபேன் சுற்றினால் காகிதம் ஆடாதா? ஆடியது காகிதம், நான் இல்லை. குரல் ஒரு மாதிரி இழுத்தது. மைக் சரியில்லை. அடுத்த வரி கண்ணுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வீடியோக்காரன் லைட்டைக் கொண்டுவந்து நேராக என் மூஞ்சியில் வைத்தான். அந்த மண்டபத்தில் ஒரு கடிகாரம்கூடக் கிடையாது, தெரியுமா? எவ்வளவு தேடினேன்! இவ்வளவு கோளாறு இருக்கும்போது மனுஷி நாலு நொடி தாமதிக்க மாட்டாளா?

அதற்குள் முன்வரிசையிலிருந்து எழுந்தது குரல். "விடுங்கய்யா, கான்வென்ட்டுப் பிள்ளை. தமிழ் இப்பத்தான் பல்லு முளைக்குது. பயப்படாத தாயி, வந்து உட்காரு."

மண்டபமே சிரித்தது. இலை போடுகிறவன் சிரித்தான். என் வீட்டுக்காரர் சிரித்தார். நாற்பத்தோரு நாள் ஆன பெண்டாட்டி மேடையில் நிற்கிறாள், அவர் சிரிக்கிறார். வீடியோவில் எல்லாம் இருக்கிறது.

பல் முளைக்கிறது என்றதைக்கூட மன்னித்துவிடுவேன். "பயப்படாத" என்றாளே, அதைத்தான் மன்னிக்க மாட்டேன். நான் பயந்தேன் என்று அவளிடம் யார் சொன்னது? ஒருத்தரும் நினைக்காத ஒன்றை நானூறு பேர் காதில் போட்டாள். அதற்கப்புறம் அந்தக் குடும்பத்தில் என்ன விசேஷமானாலும், "சுகந்தி பேச மாட்டா, அவளுக்குப் பயம்." வளைகாப்பில் அதே பேச்சு. கிரகப்பிரவேசத்தில் அதே பேச்சு. இழவு வீட்டில்கூட, செத்தவரைப் பற்றி ஆளுக்கொரு வார்த்தை சொன்னபோது, என்னைத் தாண்டிப் போனார்கள். நானும் அன்றைக்கு அப்புறம் மைக்கைத் தொடவில்லை. பயத்தினால் இல்லை. ரோஷத்தினால்.

சரி, கேளுங்கள். நிருவுக்கு ஒன்பது வயசு. மாவட்டப் பேச்சுப் போட்டி. மழைநீர் சேமிப்பு, நாலு நிமிஷம். பேச்சை யார் எழுதினது? நான். தமிழ்ப் பல் முளைக்கிற நான். இருபத்து மூன்று நாள் பயிற்சி. ஒரு சொல் தவறினால் முதலிலிருந்து. கை இவ்வளவு உயர வேண்டும், இங்கே மூச்சு, இங்கே முறைக்க வேண்டும், இங்கே குரல் தழதழக்க வேண்டும். பிள்ளை தூக்கத்தில் தழதழப்பாள்.

மதினி மகள் யாழினியும் அதே போட்டியில். ஆமாம், அதற்காகத்தான் சேர்த்தேன். பின்னே?

அன்றைக்கு நான் முன்வரிசையில் நடுவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து சத்தமில்லாமல் வாயசைத்தேன். எல்லா அம்மாவும் செய்கிறதுதான், உங்களுக்குத் தெரியாதா என்ன? ஓ, உங்கள் பையன் படித்த பள்ளிக்கூடத்தில் அம்மாக்களை கேட்டோடு நிறுத்திவிடுவார்களா? பாவம் நீங்கள். என் வாய் எந்த வழியாகப் போகிறதோ அந்த வழியாக அவள் வாய் வரும். ஒரு அரை நொடி பின்னாலே. பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பிள்ளை அம்மாவைப் பார்த்து ஆசையாகப் பேசுகிறது என்று நினைப்பார்கள்.

மூன்றாவது நிமிஷம். நடுவர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பரிசு எங்களுக்குத்தான், எழுத வேண்டியதுதான் பாக்கி. அப்போது நான் திரும்பினேன். மூன்று நாற்காலி தள்ளி மதினி. அவள் மூஞ்சி எப்படிப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? பதினொரு வருஷம் காத்திருந்தவள் ஒரு நொடி திரும்பிப் பார்க்கக் கூடாதா? ஒரே நொடி.

மறுபடி மேடையைப் பார்த்தால் பிள்ளை நிற்கிறாள். வாய் திறந்தபடி. கண் என் வாயைத் தேடுகிறது. நான் எந்த வரியில் விட்டேன் என்று எனக்கே ஓடவில்லை. 'குளம்' என்றேனா, 'ஏரி' என்றேனா? என் வாய் சும்மா திறந்து திறந்து மூடுகிறது, அவள் வாயும் அதேபோலத் திறந்து திறந்து மூடுகிறது. மீன் தொட்டி மாதிரி.

அப்போது பார்த்து ஆவுடையம்மாள், வகுப்பில் சொல்கிற மாதிரி நல்ல சத்தமாக, "கிணறு வத்துனா... சொல்லு தாயி, கிணறு வத்துனா" என்று எடுத்துக் கொடுத்தாள். அந்த வரி அவளுக்கு எப்படித் தெரியும்? லீவுக்குப் போன இடத்தில் என் பெண் சொல்லிக் காட்டியிருக்கிறாள், சத்ருவிடம்! பிள்ளை பிடித்துக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தாள். கைதட்டினார்கள். நடுவர் பேனாவைத் திறந்து பெயரை அடித்தார். பார்வையாளர் எடுத்துக் கொடுத்தால் போட்டியிலிருந்து நீக்கம், விதி அது. ஒரு தமிழ் டீச்சருக்கு அந்த விதி தெரியாதா? முதல் பரிசு யாருக்கு? யாழினிக்கு. இப்போது சொல்லுங்கள், உதவியா அது?

"புள்ளை அழப் போகுது சுகந்தி, பரிசா பெருசு?" என்றாள் என்னிடம். பரிசு வாங்கிக்கொண்டு போகிறவள் சொல்கிற பேச்சு.

வீட்டுக்கு வந்து, "ஏன்டி நின்னே?" என்று கேட்டேன். "உன் வாய் போயிடுச்சும்மா" என்றாள். நான் அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. நான் அடிக்கிற ரகம் இல்லை. பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். பதினொரு நாள்.

அதற்கப்புறம் பிடித்தது சனியன். ஏழாம் வகுப்பில் காலைப் பிரேயரில் செய்தி வாசிக்கச் சொன்னால் வாந்தி. பத்தாம் வகுப்பில் மயக்கம். காலேஜில் செமினார் என்றால் முந்தின நாளே காய்ச்சல். டாக்டரிடம் காட்டினேன், காந்திமதி அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன், வசம்புகூடக் கட்டினேன். இவள் என்ன செய்தாள்? சனிக்கிழமை தோறும் அத்தை வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே என்ன பயிற்சி தெரியுமா? மறப்பதற்குப் பயிற்சி! டியூஷன் பிள்ளைகள் முன்னால் நிறுத்தி, பாதியில் வேண்டுமென்றே மறக்கச் சொல்வாளாம். "மறந்துட்டுன்னு சொல்லு, தண்ணி குடி, தலை ஒண்ணும் போயிராது" என்பாளாம். நினைவு வைக்க நான் உயிரைக் கொடுத்தேன், மதினி மறக்கச் சொல்லிக் கொடுத்து நல்ல பெயர் வாங்குகிறாள்.

கொஞ்சம் இருங்கள். குரலைக் கேளுங்கள். இரண்டாவது பகுதிக்கு வந்துவிட்டாள். 'ஒருமுறை பட்ட அவமானத்தை மனம் மறந்தாலும் உடல் மறப்பதில்லை. அடுத்த மேடையில் மனம் முடிவெடுப்பதற்கு முன்னே உடல் நடுங்கிவிடுகிறது.' அடுத்தது, 'தன்னைத் தன் கண்ணால் பார்க்காமல், தன்னை எடை போடுகிறவரின் கண்ணால்...' ஆ, வந்துவிட்டது பாருங்கள். இரண்டு மாசமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்த்தாள். நான் வெளியே துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

என்ன? என் வாயா? அசையவில்லையே. ஏலக்காய் மெல்லுகிறேன். உங்களுக்கு ஒன்று தரட்டுமா?

ஆவுடையம்மாளுக்கு நான் கொடுத்ததைச் சொல்லவில்லையே. அதைச் சொன்னால்தான் எனக்கு வயிறு நிறையும்.

ஆறு வருஷத்துக்கு முந்தி அவள் ரிட்டயர் ஆனாள். பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா. கலெக்டர் ஆபீஸிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. நான் காலையிலேயே போய் முன்வரிசை நடு நாற்காலியில் கைக்குட்டை போட்டுவிட்டேன். கடைசியில் இவள் ஏற்புரை. எழுந்தாள். "அவையோர்க்கு வணக்கம்" என்றாள், கணீரென்று.

நான் ஒன்றும் செய்யவில்லை. சத்தியமாக ஒன்றும் செய்யவில்லை. இருமவில்லை, சிரிக்கவில்லை. அவள் இடுப்பைப் பார்த்தேன். கொசுவம் செருகியிருக்கிற இடத்தையே பார்த்தேன். பிறகு பக்கத்து நாற்காலி டீச்சரிடம் குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, "இங்க காபி எங்க தர்றாங்க?" என்று கேட்டேன். அந்தம்மா தலையைத் திருப்பி எங்கேயோ பார்த்தார்கள். நான் மறுபடி கொசுவத்தைப் பார்த்தேன். கொஞ்சம் முகத்தைச் சுளித்தேன். இவ்வளவுதான்.

முதலில் கை இடுப்புக்குப் போனது. அப்புறம் முந்தானையை இழுத்து விட்டாள். அப்புறம் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றாள். கணீரென்ற குரல் கரகரத்தது. சொன்னதையே சொன்னாள். முப்பத்து நாலு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவள், நாலு நிமிஷத்தில் "வணக்கம்" என்று உட்கார்ந்தாள். எனக்கு எப்படி இருந்தது என்கிறீர்கள்! மார்கழியில் வெந்நீர் ஊற்றிக் குளித்த மாதிரி இருந்தது. விழா முடிந்து கிட்டே போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "பயந்துட்டீங்களா மதினி? எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன். இருபத்தைந்து வருஷத்துப் பாக்கி. ஒரே வாக்கியத்தில்.

என் பின்வரிசையில் நிரு உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும், "என்ன செஞ்சேன்னு பார்த்தேம்மா" என்றாள். "மாமாவைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதி வெச்சிருந்தாங்க. அதைச் சொல்லத்தான் பேசவே ஒத்துக்கிட்டாங்க. மாமா பேரைக்கூடச் சொல்லாம உட்கார்ந்துட்டாங்க." அண்ணாச்சி அதற்கு முந்தின வருஷம்தான் தவறிப்போனார். எனக்கு எப்படித் தெரியும், பேச்சின் கடைசியில் அவரை வைத்திருக்கிறாள் என்று? முக்கியமானதை முதலில் சொல்ல வேண்டாமா? சிஸ்டர் பெனடிக்டா அதைத்தான் சொல்வார்கள். நல்ல மனுஷன் அவர். அவருக்காக எனக்கும் வருத்தம்தான். அவளுக்காக இல்லை.

அதிலிருந்துதான் நிருவுக்கு நான் ஆகாதவள் ஆனேன். அம்மா பழி வாங்கினால் பெண் ரசிக்க வேண்டாமா? ஒன்பது வயசில் இவளுக்கு நடந்ததற்காகத்தானே இவ்வளவும்?

இன்னொன்று கேளுங்கள், இது பெரிய கூத்து. இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒருநாள் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். "அம்மா, மணிவிழாவுல மேடையில என்ன நடந்தது, சொல்லு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்" என்றாள். குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, அவள் அப்படி என் பக்கத்தில் உட்கார்ந்து. நான் சொன்னேன், "மைக் சரியில்லை."

"அது தவிர?"

"ஃபேன்."

ரெக்கார்டரை அணைத்து எடுத்துக்கொண்டு போனாள். பிறகு அவள் ஆராய்ச்சிப் புத்தகம் அச்சாகி வந்தபோது புரட்டினேன். நூற்று நாற்பத்தாறாம் பக்கம். 'பங்கேற்பாளர் பதினேழு, ஐம்பது வயதைக் கடந்த இல்லத்தரசி. அச்சத்தை ஒப்புக்கொள்வதே இவருக்கு மேடையைவிடப் பெரிய அச்சமாக உள்ளது. ஒலிபெருக்கியைக் காரணமாகச் சொல்கிறார்.' பெயர் போடவில்லை. பெரிய உபகாரம்! ஒலிபெருக்கி சரியில்லை என்றால் அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வார்கள்?

பேச்சு முடிந்துவிட்டது. இனி கேள்வி நேரம். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் எங்கேயோ மைசூர்க்காரராம், பொல்லாதவராம். அது அவர் குரல்தான். நீளமான கேள்வி. இங்கிலீஷில் கேட்கிறார், புரிகிறதா உங்களுக்கு? எனக்குப் புரிகிறது. பாதி. 'உங்கள் முடிவு உங்கள் சொந்த அனுபவத்தால் சாய்ந்திருக்கிறது என்று நான் சொன்னால்?' இதற்கு அவள் தயாரிக்கவே இல்லையே! ஒத்திகையில் இந்தக் கேள்வி வரவே இல்லை. எனக்குத் தெரியாதா?

இவள் குரல் எங்கே?

மைக் வேலை செய்கிறது. அவர் இருமுவது கேட்கிறது. இவள் குரல் எங்கே? நிற்கிறாள். எனக்குத் தெரியும் எப்படி நிற்பாள் என்று, வாய் திறந்தபடி. கையை விடுங்கள். நான் உள்ளே போக மாட்டேன், எழுந்துதான் நிற்கிறேன். கதவில் கண்ணாடி இருக்கிறது, ஆனால் எட்டிப் பார்க்கக் கூடாது, கண்ணாடி வழியாகவும் என் மூஞ்சி தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். பேசுடி. பேசு. என் கை ஏன் இப்படி ஜில்லென்று இருக்கிறது? இந்த வராந்தாவில் காற்று ஜாஸ்தி. பேசேன்டி...

ஆ. பேசுகிறாள்.

பேசுகிறாள், கேட்கிறதா? இங்கிலீஷில்தான். நிறுத்தி நிறுத்தி. என்ன சொல்கிறாள்? யாரோ சிரிக்கிறார்கள். அவரேதான் சிரிக்கிறார், அந்த மைசூர்க்காரர். இப்போது எல்லாரும். ஐயோ, சிரிக்கிறார்களே... இல்லை, கைதட்டுகிறார்கள். கைதட்டுகிறார்கள் பாருங்கள்! எவ்வளவு நேரமாக!

ஒத்திகையில் இல்லாத கேள்வி. நான் எழுதிக் கொடுக்காத பதில். தானாக எப்படி வரும்? நீங்களே சொல்லுங்கள், ஒரு பெண்ணுக்கு முன்னால் யாரும் வாயசைக்காமல் தானாக எப்படி வரும்? எனக்குத் தெரியும். நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் வேலைதான். இன்றைக்கும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இன்றைக்கும் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு.

உங்களை ஒன்று கேட்கிறேன். நீங்கள் எட்டிப் பார்த்தால் சத்தியம் ஒன்றும் முறியாது. அந்தக் கண்ணாடி வழியாக ஒரே ஒரு தடவை. முதல் வரிசை, நடுவில், பச்சைப் பட்டு. அவள் வாய் அசைகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

என்னங்க? ஏன் என் வாயையே பார்க்கிறீர்கள்? அசைகிறதா என்று பார்த்துச் சொல்லுங்களேன்.